நீரோ பிடில் வாசித்ததை யார் பார்த்தது?

நம்மூர் அரசியல் அறிக்கைகளில் அதிகம் அடிபடும் வெளிநாட்டு மன்னர் நீரோதான். வெள்ளம் வந்தாலும் சரி, விலைவாசி ஏறினாலும் சரி, "ரோம் பற்றி எரிந்தபோது பிடில் வாசித்த நீரோ மன்னனைப் போல" என்று எதிர்க்கட்சியிலிருந்து ஒரு வரி கட்டாயம் வந்துவிடும். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறும், திட்டியவர் நாற்காலியில் உட்காருவார், அப்புறம் அவரையே நீரோ என்பார்கள். பிடில் என்ற வாத்தியம் உருவாக அந்தத் தீவிபத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட 1,500 வருடம் ஆனது, நீரோ வாசித்தது கித்தாரா என்ற யாழ் வகை என்பதெல்லாம் பலரும் சொல்லிவிட்ட சங்கதி. அதை விடுங்கள். இந்தக் கதையை எழுதி வைத்தவர் யார், அவர் எப்போது பிறந்தவர், அவருக்கு யார் சொன்னார்கள் என்று நோண்ட ஆரம்பித்தால்தான் சுவாரஸ்யமே.

தீப்பிடித்தது கி.பி. 64 ஜூலையில். அதைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் மூன்று பேருடைய எழுத்துதான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டாசிட்டஸ் அப்போது சின்னப் பையன். சூட்டோனியஸ் பிறக்கவே இல்லை. காசியஸ் டியோ எழுதியது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து. சூட்டோனியஸ் சந்தேகத்துக்கே இடம் வைப்பதில்லை: தீ வைத்தது நீரோதான், மெய்சினஸ் கோபுரத்தில் ஏறி நின்று, நெருப்பின் அழகில் சொக்கிப்போய், மேடை உடுப்பைப் போட்டுக்கொண்டு டிராய் நகரம் வீழ்ந்த பாட்டைப் பாடினார் என்கிறார். டியோவும் அதே பாட்டைத்தான் பாட வைக்கிறார், ஆனால் அரண்மனைக் கூரை மேல். டாசிட்டஸைப் படித்தால் கதை அப்படியே திரும்புகிறது. நீரோ அப்போது ஊரிலேயே இல்லை, ஆன்டியம் என்ற கடலோர ஊரில் இருந்தார், தன் மாளிகையை நெருப்பு நெருங்கிய பிறகுதான் திரும்பி வந்தார், வந்ததும் வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார், ஓஸ்டியா துறைமுகத்திலிருந்து பொருட்களை வரவழைத்தார், தானிய விலையை மூன்று செஸ்டர்ஸுக்கு (ரோமக் காசு) இறக்கினார். இவ்வளவு செய்தும் பேர் கிடைக்கவில்லை, காரணம் ஊர் எரியும்போதே அவர் தன் வீட்டு மேடையில் நின்று டிராயின் அழிவைப் பாடினார் என்று ஒரு வதந்தி பரவிவிட்டது என்கிறார் டாசிட்டஸ். தீ தற்செயலா, சதியா என்பதையும் அவர் தீர்மானமாகச் சொல்லவில்லை, இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று நிறுத்திக்கொள்கிறார். கவனியுங்கள், டாசிட்டஸுக்கு நீரோவைத் துளியும் பிடிக்காது. பிடிக்காதவரே வதந்தி என்று எழுதியதை மற்ற இருவரும் நடந்த நிகழ்ச்சியாக்கி, ஆளுக்கு ஒரு மேடையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் யாருமே எழுதவில்லையா என்றால், எழுதினார்கள். மூத்த பிளினி, குளூவியஸ் ரூஃபஸ், ஃபேபியஸ் ரஸ்டிகஸ் என்று மூன்று பேரை டாசிட்டஸே பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார். அந்த மூன்று வரலாறுகளும் அழிந்துவிட்டன. அவை கிடைத்திருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கி.பி. 68இல் நீரோ தற்கொலை செய்துகொண்டதோடு, முதல் பேரரசர் அகஸ்டஸிலிருந்து வந்த அந்தப் பரம்பரை முடிந்தது. அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் நான்கு பேர் மாறி மாறிப் பேரரசர் ஆனார்கள். கடைசியில் நின்றவர் வெஸ்பாசியன். அவர் நீரோவின் பொன்மாளிகையின் ஏரி இருந்த இடத்தைத் தூர்த்துத்தான் கொலோசியத்தைக் கட்ட ஆரம்பித்தார். பிளினி இந்த வெஸ்பாசியனின் அதிகாரி, நெருக்கமானவரும்கூட. புது முதலாளியிடம் வேலை பார்த்துக்கொண்டு பழைய முதலாளியை யார் புகழ்வார்கள்?

இந்தச் சிக்கல் டாசிட்டஸுக்கு நன்றாகவே தெரியும். தன் 'ஆண்டுப் பதிவுகள்' நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: டைபீரியஸ், காலிகுலா, கிளாடியஸ், நீரோ ஆகிய பேரரசர்களின் வரலாறு அவர்கள் உயிரோடு இருந்தபோது பயத்தால் பொய்யாக எழுதப்பட்டது, செத்த பிறகு ஆறாத வெறுப்பால் எழுதப்பட்டது. பயம் வெறும் பேச்சில்லை. கி.பி. 25இல் கிரெமூடியஸ் கார்டஸ் என்ற வரலாற்றாசிரியர் மேல் வழக்குப் போட்டார்கள். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸைப் புகழ்ந்ததும், புரூட்டஸின் கூட்டாளி காசியஸை 'கடைசி ரோமர்' என்று எழுதியதும்தான் குற்றம். மனிதர் பட்டினி கிடந்து உயிரை விட்டார், புத்தகங்களை எரிக்கச் சொன்னது செனட். அவருடைய மகள் மார்சியா காப்பாற்றி வைத்திருந்ததால் அவை தப்பித்தன. அந்தப் புத்தகங்களை மறுபடி படிக்க அனுமதித்தவர் யார் தெரியுமா? காலிகுலா. ரோம வரலாற்றில் இப்படி எதிர்பாராத ஆள் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்பார்.

ஆக, ஒரு பேரரசருக்குப் பின்னால் வந்தவர் அவருடைய மகனோ வளர்ப்பு மகனோ என்றால், செத்தவர் தெய்வமாவார், கோயில் எழும்பும். அவரைக் கொன்றவர்களோ எதிரியோ வந்தால், சிலை உடையும், கல்வெட்டில் பெயர் செதுக்கி எடுக்கப்படும், புத்தகத்தில் அரக்கனாவார். எல்லோருக்கும் இது அச்சுப் பிசகாமல் பொருந்தாது, ஆனால் முதல் நூற்றாண்டுப் பேரரசர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்துகிறது. கி.பி. 96இல் கொல்லப்பட்ட பேரரசர் டொமிஷியனைக் கரித்துக் கொட்டிய டாசிட்டஸும் இளைய பிளினியும் அந்த டொமிஷியன் காலத்தில்தான் பதவியில் மேலேறினார்கள். டாசிட்டஸ் அதை ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, மேலே போய்விடுகிறார்.

என் பிரியத்துக்குரியவர் சூட்டோனியஸ். வம்பு எழுத்தாளர், கிசுகிசுக்காரர் என்று அவரை ஒதுக்குபவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. டைபீரியஸின் காப்ரித் தீவு லீலைகளை அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், எந்த இரவுக்காட்சியிலும் போடத் தயங்குவார்கள். ஆனால் மனிதர் அடிப்படையில் ஆபீஸ் ஆள். அரண்மனை நூலகங்களைக் கவனித்தவர், பிறகு பேரரசர் ஹாட்ரியனின் கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பான செயலாளர். இந்தப் பதவிகளைச் சொல்லும் உடைந்த கல்வெட்டு ஒன்று 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அல்ஜீரியாவின் அன்னாபாவில், அந்தக் காலத்து ஹிப்போ ரீஜியஸில் கிடைத்தது. கோப்புகளோடு புழங்கியவர் என்பது அவர் எழுத்தில் தெரிகிறது. காலிகுலா எங்கே பிறந்தார் என்பதற்கு ஒருவர் டிபூர் என்ற ஊர் என்கிறார், மூத்த பிளினி ஜெர்மானிய எல்லைப் பக்கம் என்கிறார். இரண்டு பேரும் ஏன் தவறு என்று வரிசையாக வாதம் வைத்துவிட்டு, அரசுப் பதிவேட்டில் ஆன்டியம் என்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வோம் என்று முடிக்கிறார் சூட்டோனியஸ். கிசுகிசு எழுதுபவர் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார்.

அதைவிட, அகஸ்டஸின் கடிதங்கள். அகஸ்டஸின் கைப்பட எழுதிய தாள்களைச் சூட்டோனியஸ் நேரில் பார்த்திருக்கிறார். வரியின் முடிவில் இடம் போதாவிட்டால் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக மாட்டார், மிச்ச எழுத்துகளை அங்கேயே கீழே எழுதி ஒரு வளைகோடு போட்டுவிடுவார் என்று குறித்து வைத்திருக்கிறார். எதையும் சட்டென்று முடிப்பதற்கு "அஸ்பராகஸ் தண்டு வேகும் நேரத்தைவிட வேகமாக" என்பது அகஸ்டஸின் வாய்ப்பேச்சு. சூதாட்டத்தில் இருபதாயிரம் செஸ்டர்ஸ் தோற்றேன் என்று டைபீரியஸுக்கு எழுதுகிறார். வண்டியில் போகும்போது ரொட்டியும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டோம் என்று ஒரு கடிதம். குளிர்காலத்தில் கனமான டோகா என்ற மேலாடைக்கு உள்ளே நான்கு சட்டை போடுவார், உயரமாகத் தெரிய தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு அணிவார், பற்கள் இடைவெளி விட்டுச் சின்னதாகச் சொத்தையாக இருக்கும். ரோமின் பளிங்குச் சிலைகள் எதிலும் இந்தப் பற்கள் இல்லை!

சூட்டோனியஸ் வாழ்க்கை வரலாறுகளைக் காலவரிசையில் எழுதவில்லை, தலைப்பு வாரியாக எழுதினார். பிறப்பு, பதவி, போர்கள், கட்டிடங்கள், மனைவிகள், உடம்பு, சாப்பாடு, சகுனங்கள், சாவு. ஆபீஸ் கோப்பைப் பிரித்து வைப்பது போலத்தான். இதனால் வரும் கோளாறு, நல்லது எல்லாம் ஒரு கட்டில், கெட்டது எல்லாம் இன்னொரு கட்டில் சேர்ந்துவிடுகிறது. காலிகுலா கதையின் நடுவில், "இதுவரை பேரரசரைப் பற்றி, இனி அரக்கனைப் பற்றி" என்று ஒரு கோடு கிழிக்கிறார். படிக்கிறவருக்கு மனிதர் ஒரு ராத்திரியில் மாறிப்போன மாதிரி ஒரு பிரமை. நிஜத்தில் அந்த இரண்டு பக்கமும் ஒரே வருடத்தில் நடந்ததாக இருக்கலாம்.

டாசிட்டஸும் சூட்டோனியஸும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று இருக்கிறது. நீரோவின் கவிதைகள். பக்கத்தில் கவிஞர்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்லும் வரிகளை ஒட்டுப் போட்டுத்தான் நீரோ கவிதை செய்தார், படித்தாலே அந்த ஒட்டு தெரிகிறது என்கிறார் டாசிட்டஸ். சூட்டோனியஸ் டாசிட்டஸின் பெயரைச் சொல்லாமல், சிலர் நினைப்பது போல இல்லை, நீரோவின் சொந்தக் கையெழுத்தில் இருந்த குறிப்பேடுகள் என் கைக்கு வந்தன, அடித்தலும் திருத்தலும் மேலே எழுதியதுமாக, உட்கார்ந்து யோசித்து எழுதியவருடைய தாள்கள் போலவே இருந்தன என்கிறார். அரக்கன் என்று தான் நம்பும் ஒருவருக்காக, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறார் பாருங்கள், அதற்காகவே இந்த மனிதரின் மற்ற வம்புகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நீரோ கல்லறையில் ரொம்ப காலம் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள், இருபது வருடம் கழித்தும் நான்தான் நீரோ என்று ஒருவன் கிளம்பி வந்தான், அப்போது நான் இளைஞன் என்பதையும் அவர்தான் பதிவு செய்கிறார். செனட்டர்களுக்குப் பிடிக்காத நீரோ தெருவில் இருந்தவர்களுக்குப் பிடித்தவராக இருந்திருக்கலாம் என்பதற்கு இந்தப் பூக்கள்தான் சாட்சி.

காலிகுலாவுக்கு நேரில் பார்த்த சாட்சியே உண்டு. அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவவாதி ஃபிலோ, கி.பி. 40 வாக்கில் ஒரு தூதுக்குழுவோடு ரோம் போனார். ஊரில் யூதர்கள் மேல் நடந்த கலவரத்தைப் பற்றி முறையிட வேண்டும். காலிகுலா அவர்களைச் சந்தித்தது தன் தோட்ட மாளிகைகளில். அவர் அறை அறையாக நடந்துகொண்டே ஜன்னலுக்கு என்ன போட வேண்டும், சுவரில் எந்தப் படம் என்று வேலைக்காரர்களுக்கு உத்தரவு போட, பின்னாலேயே மாடி ஏறி இறங்கி ஓடுகிறார்கள் இவர்கள். நடுவில் சட்டென்று திரும்பி, "நீங்கள் ஏன் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை?" என்று கேட்கிறார். எதிர்த்தரப்பாக வந்த அலெக்சாந்திரியக் கிரேக்கர்களின் குழு விழுந்து விழுந்து சிரிக்கிறது. பலர் ஆட்டுக்குட்டிக் கறிகூடச் சாப்பிடுவதில்லையே என்று யாரோ சொல்ல, சரிதான், அது ருசியாக இருக்காது என்கிறார் காலிகுலா. கடைசியில், இவர்கள் கெட்டவர்கள் இல்லை, நான் தெய்வம் என்பது புரியாத பாவப்பட்ட முட்டாள்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். குதிரையைக் கான்சல் என்ற உயர் பதவியில் உட்கார வைத்தார் என்ற பிரபலக் கதையைவிட இந்தக் காட்சி எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லப்போனால் குதிரை கான்சல் ஆகவே இல்லை. பளிங்குத் தொழுவம், தந்தத் தொட்டி எல்லாம் கொடுத்துவிட்டு, கான்சல் ஆக்கவும் எண்ணியிருந்ததாகச் சொல்கிறார்கள் என்றுதான் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். டாசிட்டஸ் என்ன எழுதினார் என்று பார்க்கலாம் என்றால் காலிகுலா வரும் பகுதி முழுசாகப் போய்விட்டது. டைபீரியஸ் வரும் முதல் ஆறு பாகங்கள் பிழைத்ததே ஒற்றைக் கையெழுத்துப் பிரதியால்தான். ஜெர்மனியில் கோர்வே மடத்தில் இருந்த அந்தப் பிரதி 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்தாலிக்குக் கைமாறி, 1515இல் அச்சேறியது. இப்போது ஃபுளோரன்ஸில் இருக்கிறது. ஒரு மடத்தில் ஒரு கூரை ஒழுகியிருந்தால் டைபீரியஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி இருக்காது.

நேரில் பார்த்தவர் என்றால் காசியஸ் டியோவையும் சொல்ல வேண்டும். பழைய பேரரசர்களைப் பற்றி எழுதும்போது அவர் மற்றவர்களை நம்பித்தான் எழுதுகிறார். முடியாட்சி வந்த பிறகு பெரும்பாலானவை ரகசியமாகிவிட்டன, வெளியே சொல்லப்படுவதையும் சரிபார்க்க வழியில்லாததால் யாரும் நம்புவதில்லை என்று அவரே புலம்பியிருக்கிறார். ஆனால் கொம்மோடஸ் என்ற பேரரசரின் காலத்தில் அவர் செனட்டர், அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர். கொம்மோடஸ் ஒரு தீக்கோழியைக் கொன்று, வெட்டிய தலையை இடது கையிலும் ரத்தம் சொட்டும் வாளை வலது கையிலும் பிடித்துக்கொண்டு, செனட்டர்கள் இருந்த பக்கம் வந்து, ஒன்றும் பேசாமல் இளித்தபடி தலையை ஆட்டினாராம். உங்களுக்கும் இதே கதிதான் என்று அர்த்தம். டியோவுக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் வந்தது பயமில்லை, சிரிப்பு! சிரித்தால் தலை போகும். உடனே தன் தலையில் இருந்த மாலையிலிருந்து லாரல் இலைகளைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொல்லி, வாயசைவில் சிரிப்பை மறைத்தார் டியோ. ரோமப் பேரரசின் கீழ் மேல்தட்டு மனிதராக இருப்பது எப்படி இருந்தது என்று கேட்டால், நான் இந்தப் பத்தியைத்தான் காட்டுவேன்.

பேரரசர்களே எழுதியவையும் இருக்கின்றன. அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே எழுதி, சமாதிக்கு முன்னால் வெண்கலத்தில் பொறிக்கச் சொன்னார். நம் சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு அதன் தொனி பழக்கமானதாகவே இருக்கும், ஒரு வித்தியாசம், இதில் ராஜாவே "நான்" என்று பேசுகிறார். ரோமில் இருந்த வெண்கலம் போய்விட்டது, துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் நிற்கிறது. அதில் ஆன்டனியின் பெயரே வராது, புரூட்டஸ் பெயர் வராது. எதிரிகளைப் பெயர் சொல்லாமலே புதைத்திருக்கிறார். 'இந்தியாவின் அரசர்களிடமிருந்து தூதுவர்கள் அடிக்கடி என்னிடம் வந்தார்கள், அதற்கு முன் எந்த ரோமத் தளபதியும் அப்படிக் கண்டதில்லை' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதே காலத்து ஸ்ட்ராபோ, அப்படித் தூது அனுப்பிய அரசன் 'பாண்டியோன்' அல்லது போரஸ் என்கிறார். அந்தப் பாண்டியோன் நம் பாண்டியர்தான் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு மண்ணில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் குவியலாகக் கிடைக்கின்றன. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 500க்கும் மேற்பட்ட தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல ஊகங்கள், மறுபடி புழங்கக் கூடாது என்பதற்காக என்பது அதில் ஒன்று. சூட்டோனியஸ் எழுதியதெல்லாம் நம்மூர் வியாபாரிக்குத் தெரிந்திருக்காது, டைபீரியஸின் மூக்கு எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

எழுத்தாளர் எவ்வளவு தூரம் கை வைக்கிறார் என்று அளந்து பார்க்க ஒரே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கி.பி. 48இல் கௌல் நாட்டுப் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) பிரமுகர்களைச் செனட்டில் சேர்ப்பது பற்றி கிளாடியஸ் பேசிய பேச்சு. டாசிட்டஸ் தன் நூலில் அதை அழகாக, கச்சிதமாக, தர்க்கம் பிசகாமல் தருகிறார். 1528இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் அதே பேச்சைப் பொறித்த வெண்கலப் பலகை கிடைத்தது. அதில் இருக்கும் கிளாடியஸ் வேறு ஆள். பழைய ரோம ராஜாக்களின் வரலாற்றுக்குள் போய், எட்ருஸ்கர் என்ற பழைய இத்தாலிய இனத்தின் கதைக்குள் புகுந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் தன்னையே பெயர் சொல்லி அழைத்து, பேச்சு எங்கே போகிறது என்று செனட்டர்களுக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறார். கருத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், டாசிட்டஸ் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த மனிதரின் குரலைத் துடைத்து எடுத்துவிட்டார். எட்ருஸ்கர்களைப் பற்றி இருபது பாகம் எழுதிய, விட்டால் பேசிக்கொண்டே இருக்கும் அந்த வாத்தியார் மனிதரை நான் பலகையில்தான் சந்திக்கிறேன்.

கடைசியாக ஒரு பலே கில்லாடி. 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற தொகுப்பு ஹாட்ரியன் முதல் கி.பி. 284 வரையிலான பேரரசர்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. ஆறு ஆசிரியர்கள் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும். 1889இல் ஹெர்மன் டெசாவ் என்ற ஜெர்மன் அறிஞர், ஆறுமில்லை ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே ஆள், அதுவும் சொல்லும் காலத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர் என்றார். இன்று பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வது அதைத்தான். அதில் கடிதங்கள், செனட் தீர்மானங்கள் என்று எக்கச்சக்கமான ஆவணங்கள் மேற்கோளாக வரும், கிட்டத்தட்ட எல்லாமே சொந்தச் சரக்கு. சந்தேகமிருந்தால் ரோமின் உல்பியன் நூலகத்தில் ஆறாவது அலமாரியில் தந்தப் புத்தகத்தைப் பாருங்கள் என்று முகவரி வேறு கொடுப்பார். அவுரேலியன் வரலாற்றின் தொடக்கத்தில், ஒரு திருவிழா நாளில் ரோம் நகர நிர்வாகி தன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டதாகவும், வரலாறு எழுதியவர்களில் பொய் சொல்லாதவர் யார் என்று பேச்சு வந்ததாகவும், கடைசியில் அவர் "இஷ்டம் போல எழுது, பெரிய பெரிய வரலாற்றாசிரியர்களே உனக்குப் பொய்யில் கூட்டாளிகள்" என்றதாகவும் எழுதியிருக்கிறார். மோசடி செய்கிறவர் முதல் பக்கத்திலேயே கண்ணடித்துவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், சூட்டோனியஸ் ஏன் வேலையை இழந்தார், அதாவது ஹாட்ரியனின் மனைவி சபீனாவிடம் மரியாதை மீறிப் பழகியதால் நீக்கப்பட்டார் என்ற தகவல் இந்தத் தொகுப்பில் மட்டும்தான் இருக்கிறது. ஹாட்ரியன் பகுதி மற்றவற்றைவிட நம்பத்தகுந்தது என்பதால் ஆய்வாளர்கள் அதை ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறார்கள். நானும் ஏற்றுக்கொள்கிறேன், அரை மனசோடு.

இவற்றைப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு: எல்லாமே ஆங்கில மொழிபெயர்ப்பில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சூட்டோனியஸின் அகஸ்டஸில் ஆரம்பியுங்கள், நீரோவுக்கு வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டு டாசிட்டஸின் 'ஆண்டுப் பதிவுகள்' 15ஆம் பாகத்தில் தீ வரும் இடத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டியோவில் கொம்மோடஸ் வரும் பகுதி பின்னாளில் சுருக்கி எழுதப்பட்ட வடிவில்தான் இருக்கிறது, ஆனால் இலை மென்ற கதை அதில் தப்பித்துவிட்டது. ஹிஸ்டோரியா அகஸ்டாவை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முழுத் தீக்கோழியைத் தின்ற ஃபிர்மஸ் என்பவரின் கதை அதில்தான் வருகிறது.